ரேஸ் விடுகிறவள்

செத்துப்போன மனிதர் ஆறு முறை டியூட்டிக்கு வந்து கையெழுத்துப் போட்டிருந்தார். ஜூனில் ஒன்று, ஜூலையில் ஒன்று, ஆகஸ்டில் இரண்டு, அக்டோபரில் ஒன்று, டிசம்பரில் ஒன்று. ஆறிலும் அதே வளைவு, அதே அடிக்கோடு, கோட்டுக்குக் கீழே அதே இரண்டு புள்ளி. ஆள் போய்ச் சேர்ந்தது மே மாதத்தில்.

இதைக் கண்டுபிடித்தவர் பாய்மரப் படகு கிளப்பின் புதுச் செயலாளர். தொழிலில் பல் டாக்டர். ஆண்டறிக்கை எழுத வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு யார் போட்ட கையெழுத்து என்று உறைத்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அப்புறம் போனை எடுத்தார்.

"அக்கா, நேரம் கிடைச்சா ஒரு எட்டு ஆபீஸ் பக்கம் வந்துட்டுப் போங்களேன்."

அவள் வந்தாள். இறந்தவரின் மனைவி. அறுபதை நெருங்கும் பெண்மணி, ஒல்லி, வேக நடை. கிளப்பில் அவளுக்கு 'ஹாரன் அக்கா' என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். டாக்டர் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. இந்த ஆறும் நீங்க என்ன முறையில போட்டீங்க?"

"அவர் முறைக்குத்தான்," என்றாள் அவள்.

குதர்க்கமாகச் சொல்லவில்லை. அந்தக் கிளப்பில் டியூட்டிக்குப் பெயரே முறைதான். 'உங்க முறை என்னிக்கு?' 'இந்த ஞாயிறு என் முறை.' ஜனவரியில் பட்டியல் அச்சாகி வரும்போது கணவர் பெயருக்கு எதிரே பத்துத் தேதி இருந்தது. மே மாதத்துக்கு அப்புறமும் அச்சு அப்படியேதான் இருந்தது, அவர்தான் இல்லை. தேதி வந்தது, இவள் போனாள். கை பேனாவை எடுத்தது, பழக்கத்தில் பழைய கையெழுத்தையே போட்டது. யாரும் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் யாருக்கு இருந்தது?

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கணவர் லிப்ட் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள் இருட்டுக் குழிக்குள் கயிறும் கிரீஸுமாக மேலே கீழே போய்வருகிற மனிதருக்கு ஏழாவது நாள் வானம் வேண்டியிருந்தது. யாரோ கைவிட்ட ஒற்றைப் பாய்ப் படகொன்றை வாங்கி, ஆறு மாதம் அதைச் சுரண்டிப் பூசி, ஏரிக் கிளப்பில் சேர்ந்தார். படகின் பாயில் 312 என்று எண். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அங்கே வேலைக்காரர்கள் கிடையாது, எல்லா வேலையும் உறுப்பினர் தலையில்தான் என்று. ஒருவர் கேட்டைப் பார்க்க வேண்டும், ஒருவர் மீட்புப் படகில் உட்கார வேண்டும், ஒருவர் மிதவைச் சட்டைகளை அலசிக் காயப்போட வேண்டும். ஒருவர் கூண்டில் ஏறி ரேஸ் விட வேண்டும். வருடத்துக்குப் பத்து முறை. தவறினால் கரையில் படகு நிறுத்துகிற இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

"கரையில உக்காந்து எவன் எப்போ வந்தான்னு எழுதறதுக்கா நான் படகு வாங்கினேன்?" என்று அவர் வீட்டில் குதித்தார். முதல் வருடம் மூன்று முறை போனார். மூன்றாவதில், தான் படகில் இல்லையே என்கிற எரிச்சலில் மணியைப் பார்க்காமல் ஒரு நிமிடம் முன்னாலேயே ஹாரனை அழுத்திவிட்டார். பதினான்கு படகுகளும் அவரைத் திட்டிக்கொண்டே திரும்பி வந்தன. நாலாவது முறைக்கு முந்தின நாள் மனைவியிடம் வந்து நின்றார்.

"இந்த ஒரு தடவை மட்டும் நீ பாத்துக்கயேன். காத்து நல்லா இருக்குமாம்."

இந்த 'ஒரு தடவை மட்டும்' என்பதை நம்பி ஏமாந்த பெண்களை வரிசையாக நிறுத்தினால் அந்த ஏரியைச் சுற்றி ஒரு வேலியே போட்டுவிடலாம். அந்த ஒரு தடவை பத்தொன்பது வருடம் நீண்டது.

ஆனால் அவளுக்கு அந்த வேலை வாய்த்துவிட்டது, அதைச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னதாகும். அவள் மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் சட்டத்துக்குள் கண்ணாடி பொருத்துகிறவள். மயிரிழைக்குக் கணக்குப் பார்க்கிற கண். கூண்டு என்பது ஏரிக்கரையில் தூண்கள்மேல் நிற்கும் ஒரு மர அறை. மூன்று பக்கம் ஜன்னல், ஒரு மேஜை, இரண்டு கடிகாரம், கொடி ஏற்றக் கயிறு, காலால் அழுத்தும் ஹாரன். ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு ஹாரன், ஒரு கொடி. நாலில் ஒன்று, ஒன்றில் ஒன்று. கடைசி ஹாரனுக்குப் படகுகள் கோட்டைத் தாண்டிப் பாயும். அதற்குத்தான் ரேஸ் விடுவது என்று பெயர். அவள் விட்டால் அரை நொடி பிசகாது. ஏரியின் அந்தக் கோடியில் திரும்புகிற படகின் எண்ணை மற்றவர்கள் பைனாகுலரில் தேடிக்கொண்டிருக்கும்போது அவள் வெறுங்கண்ணால் எழுதி முடித்திருப்பாள். போன படகு எத்தனை, வந்தது எத்தனை என்று எண்ணி முடிக்காமல் கூண்டை விட்டு இறங்க மாட்டாள். ஒரு மதியம் திடீரென்று பேய்க்காற்று. பதினொன்று போயிருந்தன, பத்துதான் திரும்பின. மிச்சமுள்ளது அக்கரையில் ஒதுங்கியிருக்கும், சாப்பிடப் போகலாம் என்றார்கள் எல்லோரும். "எண்ணிக்கை சரியாகலயே," என்று அவள் அசையவே இல்லை. மீட்புப் படகு போய்ப் பார்த்தபோது கவிழ்ந்த படகின் அடிப்பாகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருத்தர் நீலம் பாரித்துக் கிடந்தார். அவர்தான் பல் டாக்டர். அப்போது புது உறுப்பினர்.

அந்த நாளும் பதிவேட்டில் கணவர் பெயரில்தான் இருக்கிறது. விதிப்படி முறையை உறுப்பினர்தான் செய்ய வேண்டும், அவரேதான் கையெழுத்துப் போட வேண்டும். "என் பேரையே போட்டுடேன், யாரு பாக்கப்போறா," என்று அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவள் கண்ணாடி வருகிற உறைகளின் பின்பக்கத்தில் அவர் கையெழுத்தைப் போட்டுப் போட்டுப் பழகினாள். நாளடைவில் அவர் போடுவதைவிட அவள் போடுவதுதான் அவர் கையெழுத்து மாதிரி இருந்தது. அத்தனை பேருக்கும் தெரியும், யாரும் கண்டுகொள்ளவில்லை. தெரியாதது ஒரே ஒருத்திக்கு, மகளுக்கு. அம்மாவும் அப்பாவும் ஞாயிறு காலை சேர்ந்து கிளம்புவார்கள். அப்பாவுக்கு முறை, அம்மா துணைக்குப் போகிறாள் என்றே அவள் வளர்ந்தாள். அவள் அப்பா பிள்ளை. அவரைப் பற்றி ஒரு சொல் குறைத்துச் சொல்ல அம்மாவுக்கும் மனசு வந்ததில்லை.

ஏப்ரல் கடைசியில் அவர் ஆஸ்பத்திரியில் படுத்தார். நுரையீரல். மூன்றாவது வாரம் ஒரு ஞாயிறு, வருடத்தின் நாலாவது முறை. காலையில் கண்ணைத் திறந்ததும் கேட்டது இதுதான்:

"இன்னிக்கு என் முறையாச்சே, நீ இன்னும் கிளம்பலையா?"

"நல்லா இருக்கே. உங்களை இப்படிப் போட்டுட்டு அங்க போய் ஹாரன் அடிக்கவா?"

"போயிட்டு வாம்மா. இடம் போயிடுச்சுன்னா அப்புறம் நான் படகை எங்க விடுவேன்?"

இனி அவர் படகில் ஏறப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் படகுக்கு இடம் இருக்கிறவரை அவர் திரும்பி வரப்போகிறவர் என்று ஆகிறதல்லவா? போகமாட்டேன் என்றால், 'நீங்கள் பிழைக்க மாட்டீர்கள்' என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. மகளைப் போனில் கூப்பிட்டு, கொஞ்சம் வந்து இரு, வீடு வரைக்கும் போய்க் குளித்துவிட்டு வருகிறேன் என்றாள். பஸ் பிடித்து ஏரிக்குப் போனாள்.

கூண்டில் போனை அணைத்து வைப்பது விதி. அன்றைக்கு இரண்டு ரேஸ். முதலாவது பத்து மணிக்கு, அடுத்தது பதினொன்றே காலுக்கு. இரண்டையும் விட்டு, எண்ணிக்கை பார்த்து, கொடியை மடித்து வைத்துவிட்டு ஒன்றே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நுழைந்தபோது மகள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அவர் போனது பதினொன்று இருபதுக்கு.

"எங்கம்மா போயிருந்தே? எத்தனை தடவை போன் பண்ணேன் தெரியுமா?"

ஹாரன் அடிக்கப் போயிருந்தேன் என்று எப்படிச் சொல்வது? அப்பா அனுப்பினார் என்றால் செத்தவர்மேல் பழி போட்டதாகும். வாயில் வந்த பொய் அதைவிடக் கேவலமாக அமைந்தது.

"வீட்ல... குளிச்சுட்டு உக்காந்தேன், கண் அசந்துடுச்சு."

மகள் அவளையே பார்த்தாள். "அப்பா உயிர் போயிட்டிருந்தது, நீ தூங்கிட்டு இருந்தே," என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் ஆறிப்போயிருக்கும்.

சடங்கெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் அம்மா கேட்டாள். "கடைசியா ஏதாவது சொன்னாரா?"

"சொன்னார். அது என்னன்னு கேக்காதேம்மா. உன்னால தாங்க முடியாது."

அதிலிருந்து எட்டு மாதமாக மகள் போன் செய்வாள், சாப்பிட்டியா என்று கேட்பாள், மாத்திரை தீர்ந்ததா என்று கேட்பாள், வைத்துவிடுவாள். வீட்டுக்கு வந்தால் நாற்காலி நுனியில் உட்காருவாள். அம்மா அந்த ஒரு வாக்கியத்தை நினைத்து நினைத்து உருகிப்போனாள். என்ன சொல்லியிருப்பார்? இத்தனை வருடம் குடித்தனம் பண்ணியவளை எந்த வார்த்தையால் வைதுவிட்டுப் போனார்? அது தெரியாத வரை துக்கத்தைக்கூட அவளால் முழுசாகப் படமுடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை முறை மட்டும் இல்லையென்றால் அவளுக்குப் பித்துப் பிடித்திருக்கும். கூண்டில் ஏறிவிட்டால் கண்ணும் காதும் மணியில் நின்றுவிடும், மனசு வாயை மூடிக்கொள்ளும்.

இப்போது பட்டியல் தீர்ந்துவிட்டது. புது வருடத்துப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அதைத்தான் டாக்டர் சொன்னார்.

"உறுப்பினர் இல்லாதவங்க கூண்டுல ஏறினா இன்சூரன்ஸ் கிடையாது அக்கா. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா கிளப்பையே மூடிடுவாங்க."

"சரி டாக்டர்."

"சரின்னு எழுந்துடாதீங்க, முழுசா கேளுங்க. ரெண்டு விஷயம் இருக்கு. ஒரு முறையும் தவறாதவங்க பேரைப் பலகையில எழுதறோம், ஹால்ல மாட்டப்போறோம். பதிவேட்டுப்படி சார் பேர்தான் முதல்ல வரும். ஆனா பதினஞ்சு வருஷம் சேவை செஞ்சவங்களுக்குக் கௌரவ உறுப்பினர்னு ஒரு விதி இருக்கு. படகு ஓட்டத் தெரியணும்னு இல்ல. அதெல்லாம் நான்தான் செஞ்சேன்னு ஒரு லெட்டர் குடுங்க. நான் இங்க உக்காந்திருக்கறதே உங்க புண்ணியம், நானே சாட்சி சொல்றேன். ஆயுசுக்கும் கூண்டு உங்களுக்குத்தான்."

"அப்போ பலகை?"

டாக்டர் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். "ஒரே முறையை ரெண்டு பேர் பேர்ல எழுத முடியாது அக்கா. சார் பேர் வராது. உறுப்பினரா இருந்து தன் முறையைச் செய்யலன்னு ஆயிடும்."

பலகை விஷயம் மகளுக்கு எப்படியோ எட்டியிருந்தது. அன்று மாலையே போன் வந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவையாகக் குரலில் உயிர் இருந்தது. "அம்மா, அப்பா பேரைப் பலகையில எழுதறாங்களாமே! நான் லீவு போட்டுட்டு வர்றேன்."

என்னைக் கேட்டிருந்தால், லெட்டரை எழுது, உன் உழைப்பை உன் பேருக்கு மாற்று, அந்த மனிதருக்குத் தின்னக் கொடுத்தது போதும் என்றிருப்பேன். என்னை யாரும் கேட்கவில்லை. அவள் நாலு நாள் கண்ணாடிகளைப் பொருத்திக்கொண்டே யோசித்தாள். இரண்டு சட்டத்தை உடைத்தாள், அந்தக் கடையில் அவள் கையால் எதுவும் உடைந்ததே இல்லை. ஐந்தாம் நாள் ஆபீசுக்குப் போனாள்.

"லெட்டர் வேணாம் டாக்டர். அவர் பேரே இருக்கட்டும். அவளுக்கு அப்பா அப்படியே முழுசா இருக்கட்டும்."

"அக்கா, அப்புறம் கூண்டு..."

"தெரியும்."

டாக்டர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. பதிவேட்டைத் திறந்தார். "அந்த ஆறு கையெழுத்தை மட்டும் திருத்தியாகணும். இறந்தவர் பேர்ல விட முடியாது. உங்க பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க. கௌரவ உறுப்பினராக ஆறு காணாது, இருந்தாலும் கணக்கு நேராகும்."

அவள் பக்கங்களை முன்னால் தள்ளினாள். ஜூனைத் தாண்டி மே மாதத்தில் நின்றாள்.

"ஆறு இல்ல. ஏழு."

"அது சார் இருந்தப்போ போட்டது அக்கா."

"அன்னிக்கு அவர் வரல. இந்தக் கையெழுத்து இப்படியே இருந்தா அந்த நேரத்துல அவர் கூண்டுல இருந்தார்னு ஆகுது. அப்போ நான் எங்க இருந்தேன்? ஆஸ்பத்திரியிலயும் இல்ல, இங்கயும் இல்ல. வீட்ல படுத்துத் தூங்கினவளாவே போய்ச் சேரணுமா நான்? மத்ததெல்லாம் அவரே வெச்சுக்கட்டும். இந்த ஒரு நாள் எனக்கு வேணும்."

டாக்டர் ஒரு கோடு இழுத்தார். ஆஸ்பத்திரியில் இருந்தவர் வராததைத் தவறிய முறையாக எண்ணமாட்டோம் என்று தானாகவே சொன்னார். அவள் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். வந்த நேரம் 9.05, போன நேரம் 12.50.

ஆண்டு விழா அன்று ஹாலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பலகையில் அவர் பெயர் முதலில் இருந்தது. கைதட்டலில் பலர் பலகையைப் பார்க்கவில்லை, இவளைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள். மகள் பலகை முன்னால் நின்று அழுதாள். பிறகு வாசலருகே மேஜையில் பார்வைக்கு வைத்திருந்த பதிவேட்டைப் பார்த்துவிட்டு அங்கே போய் உட்கார்ந்தாள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, அப்பா கையெழுத்து வருகிற இடத்திலெல்லாம் விரலால் தடவிக் கொடுத்தாள்.

"எவ்வளவு அழகும்மா அப்பா கையெழுத்து. கடைசி வரைக்கும் நடுங்கவே இல்ல, பாரேன்."

"ஆமா," என்றாள் அம்மா.

விரல் மே மாதத்துக்கு வந்தது. அங்கே தடவவில்லை, நின்றது.

"அம்மா, இது அந்த ஞாயித்துக்கிழமை."

"ஆமா."

"உன் பேர் போட்டிருக்கு. நீ தூங்கிட்டேன்னு சொன்னே."

"தூங்கல கண்ணு. அன்னிக்கு அப்பாவோட முறை. போயிட்டு வான்னு அவர்தான் அனுப்பினார். போகலன்னா மனசு விட்டுடுவாரேன்னு போனேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

மகள் அந்த வரியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அன்னிக்கு ரேஸ் எத்தனை மணிக்கும்மா?"

"பத்துக்கு ஒண்ணு, பதினொண்ணே காலுக்கு ஒண்ணு. ஏன்?"

"அப்பா மணி என்ன, மணி என்னன்னு கேட்டுட்டே இருந்தார். நினைவு தப்பிடுச்சுன்னு நினைச்சேன். பதினொண்ணே கால் ஆச்சுப்பான்னு சொன்னேன். சிரிச்ச மாதிரி இருந்தது. 'விட்டுட்டா'ன்னார். அவ்வளவுதான். அப்புறம் பேசல." மகள் அம்மா பக்கம் திரும்பினாள். "நீ அவரை விட்டுட்டுப் போயிட்டேன்னு சொல்றார்னு நினைச்சேம்மா. இத்தனை மாசமும் அப்படித்தான் நினைச்சேன்."

ஹாலில் யாரோ நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். எட்டு மாதமாக வராத அழுகை அத்தனை பேருக்கு நடுவே வெட்கமில்லாமல் வந்தது. பலகையைப் பார்க்க வந்தவர்கள் விலகி நின்றார்கள். மகள் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"சரியா விட்டேன்டி," என்றாள் அம்மா, அவள் தோளில் முகத்தை வைத்தபடியே. "ஒரு செகண்டுகூடப் பிசகல. அதை அவர்கிட்ட சொல்லணும்னுதான் பஸ்ஸுல வந்துட்டிருந்தேன்."